காரணம் எழுத வேண்டிய கட்டம்

எங்கள் கிடங்கில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லோரி ஓட்டும் மலாய்க்காரர்கள், பெட்டி அடுக்கும் நேப்பாளத்து இளைஞர்கள், வங்காளதேசத்திலிருந்து வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகியவர்கள், அலுவலகத்தில் இருந்த சீனப் பெண்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுவாகத்தான் இருக்கும். அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் நான். நான் அவரை மலாயில் 'காக்' என்றேன். அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம். ஆனால் ஒரு தமிழ்ப் பெண், தன்னைவிடப் பத்து வயது மூத்த இன்னொரு தமிழ்ப் பெண்ணை, கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் நின்றுகொண்டு 'காக்' என்று கூப்பிட்டால் அது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தக் கிறுக்கு எனக்கு எங்கே பிடித்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கிடங்குக்கு வரும் முன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தேன். மின்விசிறிக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் இடம். என் லைனில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்களோடு தமிழில்தான் பேசுவேன், கத்துவேன், சிரிப்பேன். மத்தியானம் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிடுவோம். சூப்பர்வைசர் பதவி எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதை நம்பி, ஆபீசுக்கு ஏற்ற மாதிரி ஒரு கைப்பை வாங்கி வைத்திருந்தேன். பதவி, நான் வேலை கற்றுக்கொடுத்த ஒருவருக்குப் போனது.

ஏன் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மரியாதையாகத்தான் பேசினார். என் லைன் நன்றாக ஓடுகிறது, ஆனால் மற்றவர்கள் அதை என் ஆட்களின் லைன் என்று நினைக்கிறார்கள், நான் என் ஆட்களுக்கு மட்டும்தான் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். என் மனது அதைத் தமிழில்தான் எழுதி வைத்திருக்கிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஓவர்டைம் போடும்போது என் கை முதலில் எங்கள் ஆட்கள் பேருக்குத்தான் போகும். அதை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தால் போதும். ஆனால் எனக்கு ரோஷம் அதிகம். இனி வேலை இடத்தில் என் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வராது என்று முடிவு கட்டினேன். அன்று ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன். அந்தக் கைப்பையைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

மேருவில் மளிகைச் சாமான் விநியோகக் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அந்த முடிவைக் கடைப்பிடித்தேன். மலாய், இல்லாவிட்டால் ஆங்கிலம். தமிழர்கள் தமிழில் ஆரம்பித்தால் நான் மலாயில் முடிப்பேன். எனக்கு முன்னால் இருந்த மலாய் சூப்பர்வைசர் தீபாவளிக்கு முதல் நாள் தமிழ் ஆட்களுக்குக் கேள்வியே கேட்காமல் லீவு கொடுப்பாராம். நான் வந்த வருஷம், லீவு யாருக்கு என்று எல்லார் பேரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். தமிழச்சி வந்துதான் எங்கள் தீபாவளிக்கு வேட்டு வைக்க வேண்டுமா என்று பின்னால் பேசினார்கள். என் காதிலும் விழுந்தது. அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. பாரபட்சம் பார்க்கிறேன் என்று இனி ஒரு நாய் கூடச் சொல்ல முடியாதே.

அந்த வருஷச் சீட்டில் அக்காவுக்கும் லீவு விழவில்லை. அவர் வழக்கம்போல் வந்து வேலை பார்த்தார். ஒரு டப்பா நிறைய முறுக்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை நேப்பாளத்து ஆட்களிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது அந்த நாள். லோரிகள் சரக்கு ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி என் மேசை இருந்தது. அதுவும் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டதுதான், மறைவாக எதுவும் நடப்பதில்லை என்று காட்ட. காலை வேளை. கையெழுத்துக்காக இரண்டு ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னால் வந்து நின்று, சின்னக் குரலில், "மிஸ், ஒரு விசயம் பேசணும்," என்றார்.

"அபா ஹால், காக்?" என்ன விஷயம் என்று மலாயில் கேட்டேன். தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"கொஞ்சம் தனியா, மிஸ்."

லீவு என்றால் விண்ணப்பப் பாரத்தில் எழுதிக் கொடுங்கள் என்று மலாயில் சொல்லி, ஒரு பாரத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி, சுவரோரமாகப் போய் நின்று எழுதினார். வரும் புதன்கிழமை ஒரு நாள் லீவு. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், சொந்த விஷயம் என்று மலாயில் எழுதியிருந்தார். அந்த வாரம் சரக்கு எண்ணும் வாரம், ஆள் பற்றாக்குறை. நான் சிவப்புப் பேனாவால் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காரணம் தெளிவாக இல்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவர் பாரத்தைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த இரண்டு ஆண்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தாக் அபா, மிஸ்," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பாரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் கோப்பில் செருகிவிட்டு, நான்கு நிமிஷத்தில் விஷயம் முடிந்ததே என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து உதவி மேலாளர் பதவி காலியானது. என் ஷிப்டில்தான் தவறுகள் குறைவு, தாமதம் குறைவு. எனக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும் என்று இருந்தேன். எனக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்த ஒரு மலாய் இளைஞருக்குக் கொடுத்தார்கள். மனிதவளப் பிரிவின் தலைவி என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெறப் போகும் வயதில் இருந்த சீனப் பெண்மணி. எதையும் சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"உன் வேலையில குறையே இல்ல," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "ஆனா உன் கீழ வேலை செய்ய யாருக்கும் விருப்பம் இல்ல."

எல்லாரும் பேர் போடாமல் எழுதிய கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். முகம் பார்த்துப் பேசுவதில்லை. நோய் என்று சொன்னால், டாக்டர் கொடுத்த எம்.சி. சான்றிதழ் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. நல்ல செய்தி சொல்லக்கூடப் பயமாக இருக்கிறது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எது யார் எழுதியது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு கோபம். ரவாங்கில் நெருக்கமாக இருந்தது குற்றம், மேருவில் விலகி இருப்பது குற்றம், அப்புறம் நான் எங்கேதான் போய் நிற்பது என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கடைசித் தாளை அவர் இரண்டு முறை வாசித்தார். அதில், ஒரு நாள் அக்கா இவரிடம் பேசப் போனார், இவர் என்ன செய்தார் என்று கேளுங்கள் என்று எழுதியிருந்தது.

"எந்த அக்கா?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். கிடங்கில் ஒரே அக்காதான் என்பது அந்தக் கோபத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சு வாரமா மருத்துவ லீவுல இருக்காங்களே. நீதானே கையெழுத்துப் போட்ட?"

போட்டிருந்தேன்தான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அவர் இடத்துக்கு யாரைப் போடுவது, அவ்வளவுதான் பார்த்திருந்தேன். என் மேசைக்குப் போய்க் கோப்பை எடுத்தேன். மருத்துவமனைக் கடிதத்தின் மேலேயே புற்றுநோய்ப் பிரிவு என்று பெரிய எழுத்தில் இருந்தது. மார்பில் அறுவை சிகிச்சை. அதற்குச் சில தாள்கள் அடியில் அந்தப் பழைய பாரம் கிடந்தது. என் சிவப்பு வட்டம் கொஞ்சமும் மங்கவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பதவி போன துக்கமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். காரில் போனால் சீக்கிரம் போய்விடுவேன் என்று ரயிலில் போனேன். ஸ்டேஷனிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கணவர் இறந்து பல வருஷமாகிறது. ஒரே மகள், அவரோடுதான் இருந்தாள். கதவைத் திறந்த மகளிடம் நான் யார் என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. உள்ளே அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஓ, மிஸ். டுடோக், டுடோக்," என்றார்.

உட்காருங்கள் என்று மலாயில் சொன்னார். பிறகு, என்ன குடிக்கிறீர்கள் என்றும் மலாயில் கேட்டார். தன் சொந்த வீட்டில், சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அந்த உடம்போடு, எனக்காக மலாய் பேசினார். குத்திக் காட்டவில்லை. அந்த மாதிரிக் குணமே அவருக்குக் கிடையாது. எனக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்துச் செய்தார். வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அது எதுவும் இந்த அளவுக்கு வலித்ததில்லை.

"அக்கா, தமிழ்ல பேசுங்க," என்றேன்.

அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "சரிம்மா," என்றார்.

அன்றைக்கு என்ன பேச வந்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும் தைரியம் எப்படி வந்தது என்று தெரியாது.

"மார்ல ஒரு கட்டி இருந்திச்சி. கிளினிக்ல ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்து, புதன்கிழம அப்பாயின்மெண்ட் போட்டுக் குடுத்தாங்க. அத எங்க போயி எழுதுறது? அந்த ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு இருக்காங்க. பாரத்துல எழுதினா ஆபீஸ் பூரா படிக்கும். நீங்க பொம்பள, தமிழாளு, உங்ககிட்ட மட்டும் காதோட சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"வேற நாள் போயிருக்கலாமே அக்கா."

"போயிருக்கலாம். அந்த நாளு விட்டுப் போச்சா, அப்புறம் பயம் வந்திடுச்சி. சாமியே வேணாம்னு சொல்லுதுன்னு நெனச்சிக்கிட்டேன். வலி வந்த பொறவுதான் போனேன்."

"அந்தப் புதன்கிழமையே போயிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அது டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது," என்று அவர் என்னை நிறுத்தினார். "நீங்களும் கேக்காதீங்க. கேட்டா நான் என்ன சொல்றது, பரவால்லன்னா?"

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காக அவரை நான் இன்றும் கும்பிடுகிறேன். கிளம்பும்போது, உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பணமோ பழமோ கேட்பார் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது.

"ரோஸ்டர்ல என் பேர எடுத்துடாதீங்கம்மா," என்றார். "வீட்ல இருந்தா நான் நோயாளி. அங்க வந்தா அக்கா."

ரோஸ்டர் என்பது வாராவாரம் நான் தயாரித்துச் சுவரில் ஒட்டும் வேலைப் பட்டியல். அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் பேரை முதல் வரிசையில் எழுதினேன். நாட்களுக்கான கட்டங்களில் ஒரு கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டு கிள்ளானுக்குப் போவேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் பேரை மட்டும் பார்க்காமல், யார் யார் எந்த ஷிப்ட் என்று முழுதும் படிப்பார். "இவன ஏன் ரெண்டு வாரமா அதே ஷிப்ட்ல போட்டிருக்கீங்க, பாவம் லா," என்பார். நாலாவது வாரத்தில்தான் மகள் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

நான் ஒரே நாளில் நல்லவளாகிவிடவில்லை. மேசையை அந்த இடத்திலிருந்து எடுத்து, ஒட்டும் டேப் வைத்திருந்த சின்ன அறைக்குள் போட்டேன். எதிரில் ஒரு நாற்காலி வைத்தேன். ஒரு மாதம் அதில் யாரும் உட்காரவில்லை. மேடம் உள்ளே உட்கார்ந்து வேவு பார்க்கிறார் என்று பேச்சு. அப்புறம் நான் இன்னொரு பக்கம் சாய்ந்தேன். எம்.சி. கொண்டுவந்த ஒரு இளம்பெண்ணை உட்கார வைத்து, என்ன பிரச்சினை, வீட்டில் ஏதாவதா, என்னிடம் சொல்லலாமே என்று துருவித் துருவிக் கேட்டு அழ வைத்துவிட்டேன். அவளுக்கு வெறும் காய்ச்சல்தான். என்னைப் பார்த்துத்தான் அழுகை. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல் போட்ட இடம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அதற்கப்புறம்தான் சும்மா இருக்கப் பழகினேன். வந்தவர் சொல்கிற வரைக்கும் பொறுப்பது, சொல்லாவிட்டால் அப்படியே விடுவது. எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலையை இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

மருத்துவ லீவு முடியும் நேரத்தில், ரோஸ்டரில் அக்கா பேரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள், பேரை எடுக்க மாட்டேன் என்று பதில் எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. ரவாங்கில் வந்திருந்தால் உயிரே போயிருக்கும். இப்போது அதை மடித்து இழுப்பறையில் போட்டேன். எனக்குக் கிடைக்காத பதவியில் இருந்த அந்த இளைஞர், எனக்காக மேலே போய்ப் பேசினார் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. அவரைப் பற்றி நான் வீட்டில் பேசியதையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது.

ஒரு முறை அக்கா கிடங்குக்கே வந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்த மாதம். மகள் கையைப் பிடித்து மெதுவாக நடந்து வந்தார். வேலை அப்படியே நின்றுவிட்டது, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாரும் "அக்கா, அக்கா" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவர் ரோஸ்டர் முன்னால் போய் நின்று தன் பேரைத் தொட்டுப் பார்த்தார். கோடு போட்டிருந்த கட்டங்களைக் காட்டி, "அடுத்த மாசம் இதுல காலை ஷிப்ட்னு எழுதுங்க, சொல்லிட்டேன்," என்றார். எழுதுகிறேன் என்றேன்.

எழுத முடியவில்லை. நோய் எலும்புக்கு வந்துவிட்டது. கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரால் தாளைப் படிக்க முடியவில்லை, நான் வாசித்துக் காட்டினேன். முதல் பேரை வாசிக்கும்போது மட்டும் கண்ணைத் திறப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலையில், போய்விட்டார் என்று மகள் கூப்பிட்டுச் சொன்னாள். மறுநாள் அடக்கம். நான் டேப் அறையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக லீவுப் பாரத்தைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எங்கள் கம்பெனியில் துக்க லீவு ரத்த உறவுக்கு மட்டும்தான். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டமும் உண்டு. லோரிக்காரர், நேப்பாளத்து ஆட்கள், அன்றைக்கு என் மேசை முன்னால் நின்ற அந்த இரண்டு ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் என்று எல்லாரும் அந்தக் கட்டத்தில் அக்கா என்று எழுதியிருந்தார்கள், அவரவருக்குத் தெரிந்த எழுத்தில். நான் எதையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணீர் மறைத்து, இரண்டு தாளில் கோடு தாண்டிப் போட்டுவிட்டேன்.

பிறகு எனக்கு ஒரு பாரம் எடுத்துக்கொண்டேன். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர்களுக்கெல்லாம் அந்தச் சொல்லை எழுத உரிமை இருந்தது. பல வருஷம் கூப்பிட்டவர்கள். நான் கூப்பிட்டது கொஞ்ச மாதங்கள்தான், அதுவும் அவர் படுத்த பிறகு. எழுதவும் முடியாமல், வேறு எதையும் எழுதவும் மனமில்லாமல், அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டு, பாரத்தை எடுத்துக்கொண்டு உதவி மேலாளரிடம் போனேன். என் லீவுக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மேசையில் சிவப்புப் பேனாவும் இருந்தது, நீலப் பேனாவும் இருந்தது. அவர் நீலத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஒன்றும் கேட்காமல் என்னிடம் நீட்டினார். அதற்கு நான்கு விநாடி கூட ஆகவில்லை.